ஊரு ஊரா டீம் மாறுற ஐஸ் ஹாக்கி ப்ளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக் பாக்க ஆரம்பிச்சவங்க ஒரு ரெண்டு சீசன் போனதும் கண்டிப்பா கேக்குற விஷயம் இது, "போன வருஷம் இந்த ஆளு வேற ஜெர்சில இருந்தானே, இப்ப ஏன் இங்க இருக்கான்?" ஸ்டார் ப்ளேயர்ஸ் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, இந்த மாதிரி ஆளுங்கள பத்தி தமிழ்ல யாரும் எழுதின மாதிரி தெரியல. அதனால கேள்வி பதிலாவே எழுதுறேன். உதாரணத்துக்கு அதிகமா மைக் சில்லிஞ்சர் வருவாரு, ஏன்னு கீழ புரியும்.

நீங்க பேசுறது நம்ம ஊரு ஹாக்கியா?

இல்லங்க. ஐஸ் மேல ஸ்கேட்ஸ் கட்டிக்கிட்டு, பந்துக்கு பதிலா பக்னு சொல்ற ரப்பர் வட்டை வெச்சு ஆடுறது. இதுல உலகத்துலயே பெரிய லீக் என்.எச்.எல்., அமெரிக்கா கனடா சேர்த்து 32 டீம்.

ஜர்னிமேன்னு யாரை சொல்றாங்க?

ரெண்டு வருஷம் இங்க, ஆறு மாசம் அங்க, திரும்ப ஒரு வருஷம் இன்னொரு ஊருன்னு டீம் மாறிக்கிட்டே இருக்கணும், ஆனா லீக்க விட்டு காணாமலும் போயிடக்கூடாது, பத்து பதினஞ்சு வருஷம் தாக்குப்பிடிக்கணும். இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஜர்னிமேன். மூணு டீம்ல இருந்துட்டு நாலு வருஷத்துல வீட்டுக்கு போறவங்க எக்கச்சக்கம், அவங்கள யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க.

அதிக டீமுக்கு ஆடினது யாரு?

மைக் சில்லிஞ்சர். 1971ல கனடாவோட ரெஜைனால பொறந்தவர், சென்டர் ப்ளேயர் (முன்வரிசைல நடுவுல ஆடுறவர்), 12 என்.எச்.எல். டீமுக்கு ஆடியிருக்காரு, அந்த ரெக்கார்ட இது வரைக்கும் யாரும் தொடல. டெட்ராய்ட்ல ஆரம்பிச்சு, 1995ல அனஹைம், 1996ல வான்கூவர், 1998 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியா, அதே வருஷம் டிசம்பர்ல டாம்பா பே, 2000ல ஃப்ளோரிடா, 2001 மார்ச்ல ஒட்டாவா, அந்த கோடைலயே கொலம்பஸ், 2003ல ஃபீனிக்ஸ், 2004ல செயின்ட் லூயிஸ், 2006 ஜனவரில நாஷ்வில், அதே வருஷம் கோடைல நியூயார்க் ஐலாண்டர்ஸ். மேப்ப எடுத்து கோடு போட்டு பாருங்க, அந்த கண்டம் முழுக்க குறுக்க நெடுக்க போகும்.

இதுல டல்லாஸ் கணக்குலயே வராது. 2003 ஜூலைல கொலம்பஸ் அவர டல்லாஸுக்கு குடுத்துட்டு டாரில் சைடரை வாங்கிச்சு, டல்லாஸ் அன்னைக்கே அவர ஃபீனிக்ஸுக்கு குடுத்துட்டு டெப்போ நும்மினனை வாங்கிக்கிச்சு. அந்த ஜெர்சிய போடாமலே ஒரு டீம் வந்து போயிடுச்சு. ஒரு மனுஷன் ஒரே நாள்ல மூணு டீமுக்கு சொந்தமா இருந்திருக்காரு, அவர் அன்னைக்கு செஞ்ச வேலைன்னு பாத்தா ஒண்ணும் இல்ல, ஆஃப் சீசன்.

டிராஃப்ட்ல மொத ரவுண்ட்ல எடுத்த ஆளு, அவர ஏன் டெட்ராய்ட் வெச்சுக்கல?

எனக்கு இந்த கேள்விதான் ரொம்ப பிடிச்சது, ஏன்னா பதில் அவர்கிட்ட இல்ல, அவர சுத்தி இருந்தவங்ககிட்ட இருக்கு. டிராஃப்ட்னா புதுசா வர்ற இளம் ப்ளேயர்ஸ டீமுங்க வரிசையா ஒவ்வொருத்தரா தேர்ந்தெடுக்குறது. 1989 டிராஃப்ட்ல டெட்ராய்ட் மொத ஆளா, மொத்தத்துல 11வதா எடுத்தது சில்லிஞ்சர. அதே டிராஃப்ட்ல 53வதா எடுத்தது நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், 74வதா செர்கெய் ஃபெடரோவ், 221வதா விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ். ஒரு டீம் ஒரே வருஷத்துல இவ்வளவு அள்ளின டிராஃப்ட் இன்னொண்ணு இருக்கான்னு இன்னைக்கும் வாதம் பண்ணுவாங்க.

இப்ப யோசிங்க. சில்லிஞ்சர் சென்டர். டெட்ராய்ட்ல ஏற்கனவே ஸ்டீவ் ஐஸர்மேன் சென்டர், ஃபெடரோவும் சென்டரா வந்து நிக்கிறாரு, கீத் ப்ரிமோ வேற இருக்காரு. ஃபார்வர்ட்ஸ மூணு மூணு பேரா பிரிச்சு எறக்குவாங்க, அதுதான் லைன், மொத ரெண்டு லைன்ல எடமே கெடையாது. அதனால நெறைய நாள் ஏ.எச்.எல்.ல, அதாவது என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழ இருக்குற லீக்ல, அடிரான்டாக் டீம்ல கெடந்தாரு, கடைசில 1995ல டிரேட் பண்ணிட்டாங்க. லிட்ஸ்ட்ரோம் 20 சீசனும் டெட்ராய்ட்லயே ஆடி அங்கயே ரிட்டயர் ஆனாரு. ஒரே டிராஃப்ட், ஒரே டீம், ஒருத்தருக்கு ஒரே ஊரு, இன்னொருத்தருக்கு 12 ஊரு. தெறமை வித்தியாசம் இல்லன்னு சொல்ல வரல, லிட்ஸ்ட்ரோம் வேற லெவல். ஆனா சில்லிஞ்சர வேற ஒரு பலவீனமான டீம் எடுத்திருந்தா பத்து வருஷம் அங்கயே இருந்திருப்பாருன்னு நான் உறுதியா நம்புறேன்.

இத்தனை டீம் தூக்கிப் போட்டிருக்குன்னா அவர் தோத்துப்போன ப்ளேயர்தானே?

இல்லவே இல்ல. இந்த ஒரு எண்ணத்த மாத்தத்தான் இவ்வளவும் எழுதுறேன். டிரேட்ல ரெண்டு பக்கம் இருக்கு, ஒரு டீம் குடுக்குது, இன்னொரு டீம் *கேட்டு வாங்குது*. நாம எப்பவும் குடுத்த பக்கத்த மட்டும் பாத்துட்டு "பாவம், வேண்டாம்னு அனுப்பிட்டாங்க"ன்றோம். வாங்குற ஜெனரல் மேனேஜர் அதுக்கு ஒரு ப்ளேயரயோ டிராஃப்ட் பிக்கயோ (டிராஃப்ட்ல ஒரு ஆள எடுக்குற உரிமை) விலையா குடுத்திருக்காருல்ல? யாருக்கும் வேண்டாத ஆளு 12 டீமுக்கு ஆட மாட்டான், ரெண்டாவது டீமோட முடிஞ்சிரும்.

சில்லிஞ்சர் ஆடினது 1,049 மேட்ச், 240 கோல், 308 அசிஸ்ட். ஆயிரம் மேட்ச்ன்றது ஸ்டார்ஸே பல பேர் தொடாத நம்பர். அவரோட பெஸ்ட் சீசன் எது தெரியுமா, 2005-06, 34 வயசு, சீசன் நடுவுல செயின்ட் லூயிஸ்ல இருந்து நாஷ்வில்லுக்கு மாத்துறாங்க, அந்த வருஷம் 32 கோல். 22 அங்க, 10 இங்க. அதுக்கு அடுத்த கோடைலதான் ஐலாண்டர்ஸ் அவருக்கு மூணு வருஷ கான்ட்ராக்ட் குடுத்துச்சு.

அப்படி என்னதான் செய்வாங்க இந்த மாதிரி ப்ளேயர்ஸ்?

பேப்பர்ல வராத வேலைங்க. மொதல்ல ஃபேஸ்ஆஃப், அதாவது ரெஃப்ரி பக்க கீழ போடும்போது ரெண்டு சென்டர் ஸ்டிக்க வெச்சு அடிச்சுக்கிறது. நம்ம கோல் பக்கத்துல, ஒரு கோல் லீட்ல, கடைசி நிமிஷத்துல அத ஜெயிக்கிறவன் டீம காப்பாத்துறான். அப்புறம் பெனால்டி கில், நம்மாளு ஒருத்தன் பெனால்டி பாக்ஸ்ல உக்காந்திருக்கும்போது ஒரு ஆளு கம்மியா நின்னு ரெண்டு நிமிஷம் தாங்குறது, வர்ற ஷாட்டுக்கு குறுக்க உடம்ப போட்டு விழுறது எல்லாம் இதுல அடக்கம். நாலாவது லைன்ல பத்து நிமிஷம் ஆடினாலும் தப்பு பண்ணாம ஆடணும், யாராவது அடிபட்டா ரெண்டாவது லைன்ல போய் நிக்கணும், புது கோச் சொல்ற சிஸ்டத்த ரெண்டு நாள்ல பிடிச்சுக்கணும்.

காசு விஷயமும் இருக்கு. 2004-05 சீசன் முழுக்க லாக்அவுட்ல (சம்பள தகராறுல ஓனர்ஸ் லீக்க மூடினதுல) போச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு டீமும் இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு சம்பள உச்சவரம்பு கொண்டு வந்தாங்க, மொத வருஷம் 39 மில்லியன் டாலர், 2025-26ல 95.5 மில்லியன். ரெண்டு மூணு ஸ்டாருக்கே அதுல பெரும்பங்கு போயிரும், மிச்சத்துல கம்மி சம்பளத்துக்கு நம்பிக்கையா ஆடுற அனுபவசாலி வேணும். அந்த எடத்துலதான் இவங்க பொழப்பு ஓடுது.

டிரேட் பண்றதுக்கு முன்னாடி ப்ளேயர் கிட்ட கேப்பாங்களா?

கான்ட்ராக்ட்ல "நோ டிரேட்"னு ஒரு ஷரத்து இருந்தா மட்டும். அத கேட்டு வாங்குற பலம் பெரிய ப்ளேயருக்குத்தான் உண்டு. மத்தவங்களுக்கு ஒரு ஃபோன் வரும், அவ்வளவுதான், அடுத்த நாளே வேற ஊருல ப்ராக்டிஸ்ல நிக்கணும். நம்ம ஊரு கவர்மென்ட் உத்தியோகத்துல ட்ரான்ஸ்ஃபர் வந்தா கூட சேர்றதுக்கு சில நாள் அவகாசம் குடுப்பாங்க, இங்க மறுநாள் ராத்திரி மேட்சே ஆட வேண்டியிருக்கும்.

டிரேட் டெட்லைன்னு பரபரப்பா இருக்காங்களே, அது என்ன?

பொதுவா பிப்ரவரி கடைசி இல்லன்னா மார்ச் ஆரம்பத்துல ஒரு நாள், அதுக்கு மேல டிரேட் பண்ணி வாங்கின ஆள ப்ளேஆஃப்ல எறக்க முடியாது. ப்ளேஆஃப் போக வாய்ப்பில்லாத டீம், அந்த வருஷத்தோட கான்ட்ராக்ட் முடியப்போற ஆளுங்கள வித்து டிராஃப்ட் பிக் வாங்கிக்கும். ஸ்டான்லி கப்ப, அதாவது என்.எச்.எல். சாம்பியன் கோப்பைய, ஜெயிக்க ஆசைப்படுற டீம் ரெண்டு மூணு மாச வாடகைக்கு எடுக்குற மாதிரி அவங்கள எடுக்கும்.

லீ ஸ்டெம்ப்னியாக்னு ஒரு விங்கர், டார்ட்மவுத் காலேஜ்ல படிச்சவர், 10 டீம். 2014, 2015, 2016 மூணு வருஷமும் வரிசையா டெட்லைன்ல டிரேட் ஆனாரு: கால்கரில இருந்து பிட்ஸ்பர்க், நியூயார்க் ரேஞ்சர்ஸ்ல இருந்து வின்னிபெக், நியூ ஜெர்சில இருந்து பாஸ்டன். அதுக்கெல்லாம் முன்னாடி 2010ல டொரன்டோல இருந்து ஃபீனிக்ஸ் போனப்ப 18 மேட்ச்ல 14 கோல் போட்டாரு! வந்த மறுநாளே புது ஆளுங்களோட சேர்ந்து இப்படி ஆடுறது லேசு இல்ல. 2015ல அவருக்கு கான்ட்ராக்டே கெடையாது, நியூ ஜெர்சி கேம்ப்புக்கு ட்ரைஅவுட்ல போனாரு, அதாவது "ஆடி காட்டுறேன், புடிச்சா எடுத்துக்கோங்க"ன்ற கணக்கு. எடுத்துக்கிட்டாங்க, 63 மேட்ச்ல 16 கோல் போட்டாரு, அதனாலதான் பாஸ்டன் கேட்டுச்சு. நல்லா ஆடினதாலயே ஊரு மாற வேண்டி வந்துச்சு.

வேய்வர்ஸ்னா என்ன?

அனுபவம் உள்ள ஒரு ப்ளேயர கீழ ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பணும்னா மொதல்ல அவர் பேர வேய்வர்ஸ்ல போடணும். 24 மணி நேரம் டைம், மத்த டீம்ல யார் வேணும்னாலும் அவர அந்த கான்ட்ராக்டோட சும்மாவே எடுத்துக்கலாம். நெறைய டீம் கேட்டா பாயின்ட்ஸ் பட்டியல்ல கீழ இருக்குற டீமுக்கு முன்னுரிமை. யாரும் எடுக்கலன்னா கீழ போகலாம். அந்த 24 மணி நேரம் எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க, எடுத்தா நாளைக்கு வேற ஊரு, எடுக்கலன்னா மத்த 31 டீமும் வேண்டாம்னு சொன்னதா அர்த்தம், அது ஊருக்கே தெரியும்.

குடும்பம் என்ன ஆகும்?

எல்லாத்தயும் விட கஷ்டமான பகுதி இதுதான்னு நான் நெனைக்கிறேன். டிரேட் ஆன ப்ளேயருக்கு ஹோட்டல் செலவு, சாமான் மாத்துற செலவு எல்லாம் விதிப்படி கெடைக்கும், காசு பிரச்சனை இல்ல. ஆனா சீசன் நடுவுல புள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து எப்படி எடுப்பீங்க? வீட்டுக்கு போட்ட அக்ரிமென்ட் என்ன ஆகும்? மனைவி அந்த ஊருல ஒரு வேலைல இருந்தா? பல பேர் குடும்பத்த பழைய ஊருலயே விட்டுட்டு ஹோட்டல்ல தனியா சீசன முடிப்பாங்க.

சில்லிஞ்சரோட பையன் கோல் சில்லிஞ்சர் 2003 மே மாசம் கொலம்பஸ்ல பொறந்தான், அப்பா அப்ப அந்த டீம்ல. ரெண்டு மாசத்துல டிரேட். அந்த கொழந்த வளர்ந்து 2021 டிராஃப்ட்ல 12வதா எடுக்கப்பட்டான், எடுத்த டீம் கொலம்பஸேதான்.

இன்னொரு சம்பவம் ஜான் ஸ்காட். ஏழு டீமுக்கு ஆடின சண்டைக்கார ப்ளேயர், மொத்த கெரியர்லயே 5 கோல். 2016 ஆல்ஸ்டார் மேட்ச்சுக்கு ரசிகர்கள் வெளையாட்டா அவருக்கு ஓட்டு போட்டு கேப்டன் ஆக்கிட்டாங்க. ஆல்ஸ்டாருக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது அரிசோனா அவர மான்ட்ரியாலுக்கு டிரேட் பண்ணுது, மான்ட்ரியால் உடனே நியூஃபவுண்ட்லாண்ட் தீவுல இருக்குற தன்னோட ஏ.எச்.எல். டீமுக்கு அனுப்புது. பாலைவனத்துல இருந்து அட்லான்டிக் கடலோர குளிருக்கு, அதுவும் மனைவி வயித்துல ரெட்டை கொழந்தைங்களோட இருந்த நேரத்துல. ஆனாலும் நாஷ்வில்ல நடந்த அந்த ஆல்ஸ்டார்ல ஆடினாரு, ரெண்டு கோல் போட்டாரு, அரங்கமே அவர் பேர சொல்லி கத்துச்சு, எம்.வி.பி. (சிறந்த ப்ளேயர்) விருதும் வாங்கினாரு. அந்த வீடியோவ தேடி பாருங்க, சக ப்ளேயர்ஸ் அவர தோள்ல தூக்குற எடத்துல எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும்.

சம்பளம் நல்லா இருக்குமே, அப்புறம் என்ன கவலை?

மேல இருந்தா நல்ல காசுதான், 2025-26ல என்.எச்.எல். குறைஞ்சபட்ச சம்பளமே வருஷத்துக்கு 7,75,000 டாலர். ஆனா மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ஆளுக்கு பெரும்பாலும் டூ-வே கான்ட்ராக்ட், என்.எச்.எல்.ல இருக்குற நாளைக்கு ஒரு ரேட், ஏ.எச்.எல்.ல இருக்குற நாளைக்கு அதுல ஒரு சின்ன பங்கு. நாள் கணக்குல பிரிச்சுத்தான் வரும். அதனால சீசன் முழுக்க மேல இருக்கோமா, இருபது நாள் இருக்கோமான்றது வருமானத்த தலைகீழா மாத்திரும். வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போகணும், முப்பத்தஞ்சு வயசுக்குள்ள வேலையும் முடிஞ்சிரும்.

ஏ.எச்.எல்.லுக்கும் கீழ லீக் இருக்கா?

இருக்கு, ஈ.சி.எச்.எல். அங்க சம்பளம் வார கணக்கு, வாரத்துக்கு சில நூறு டாலர், தங்க எடம் டீம் குடுக்கும். 72 மேட்ச், பெரும்பாலும் பஸ் பயணம், வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் மூணு மேட்ச் ஆடுறது சகஜம். மேட்ச் முடிஞ்சு ராத்திரி பஸ்ல ஏறி, அதுலயே தூங்கி, காலைல அடுத்த ஊரு. என்.எச்.எல்.ன்றது ரெண்டு படி மேல, அதுல ஏறுறவங்க கொஞ்சம் பேர்தான்.

அங்க இருந்து யாராவது மேல வந்திருக்காங்களா?

வந்திருக்காங்க. அலெக்ஸ் பரோஸ டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, ஈ.சி.எச்.எல்.ல ஆரம்பிச்சு வான்கூவர் வரைக்கும் வந்து, 2011ல சிகாகோவுக்கு எதிரா ஏழாவது மேட்ச் ஓவர்டைம்ல சீரிஸ ஜெயிச்சு குடுத்த கோல் அடிச்சாரு. டெரிக் எங்கலண்ட் ஈ.சி.எச்.எல்.ல ஆடினது லாஸ் வேகஸ் ரேங்லர்ஸுக்கு, பல வருஷம் கழிச்சு 2017ல அதே ஊருக்கு புதுசா வந்த என்.எச்.எல். டீமுக்கு ஆட திரும்பி வந்தாரு. அந்த வருஷம் அக்டோபர் 1 அன்னைக்கு லாஸ் வேகஸ்ல நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் நடந்த மொத சொந்த ஊரு மேட்ச்ல ஜனங்க முன்னாடி மைக் பிடிச்சு பேசினதும் அவர்தான், அன்னைக்கு ராத்திரியே கோலும் போட்டாரு.

ஐரோப்பாவுக்கு ஏன் போறாங்க?

வயசு முப்பது ஆச்சு, மேல கூப்பிடுற மாதிரி தெரியல, பஸ்ல சுத்தி அலுத்துப்போச்சு, அப்ப ஜெர்மனி, சுவீடன், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இங்கிலாந்துன்னு கதவு தெறக்கும். மேட்ச் கம்மி, தூரம் கம்மி, பல க்ளப் வீடும் காரும் குடுக்கும், புள்ளைங்கள ஒரே ஸ்கூல்ல வெச்சுக்கலாம். ரிங்க் அகலமா இருக்குறதால ஆட்டமும் கொஞ்சம் மாறும். ஆனா பல லீக்ல வெளிநாட்டு ப்ளேயர் இத்தனை பேர்தான்னு வரம்பு உண்டு, கோல் போடலன்னா நடுவுலயே டிக்கெட் குடுத்துருவாங்க.

இந்திய வம்சாவளில யாராவது உண்டா?

உண்டு, அதுல ரெண்டு பேர சொல்றேன், ரெண்டு பேரும் பஞ்சாபி ரத்தம், ரெண்டு பேரும் இதே மாதிரி ஊரு மாறினவங்க. ராபின் பாவா, பிரிட்டிஷ் கொலம்பியாவோட டங்கன்ல பொறந்தவர், 1989ல வாஷிங்டனுக்கு ஆடி என்.எச்.எல்.ல கால் வெச்ச மொத இந்திய வம்சாவளி ஆளு ஆனாரு. நாலு டீம், 61 மேட்ச், மிச்ச வருஷமெல்லாம் சின்ன லீக்ஸ்ல.

இன்னொருத்தர் மானி மல்ஹோத்ரா, அப்பா பஞ்சாபி, அம்மா ஃப்ரெஞ்ச் கனடியன். 1998 டிராஃப்ட்ல 7வதா வந்தவர், நெறைய கோல் போடுவாருன்னு எதிர்பார்த்தாங்க, அது நடக்கல. 2003ல டல்லாஸ் வேய்வர்ஸ்ல போட கொலம்பஸ் எடுத்துச்சு, அங்கதான் தன்ன ஃபேஸ்ஆஃப், டிஃபென்ஸ் ஸ்பெஷலிஸ்டா மாத்திக்கிட்டாரு. 2011 மார்ச்ல பக் கண்ணுல பட்டு பார்வை பெரிய அளவுல போச்சு, ஆனாலும் அந்த வருஷ ஸ்டான்லி கப் ஃபைனல்லயே எறங்கினாரு. 2013ல வேலை இல்லாம ஏ.எச்.எல். ஷார்லட் டீம்ல ட்ரைஅவுட் போட்டு, அங்க இருந்து திரும்ப கரோலைனா மூலமா என்.எச்.எல்.லுக்கு ஏறினாரு. மொத்தம் 7 டீம், 991 மேட்ச். அப்புறம் கோச் ஆகி 2025ல அபட்ஸ்ஃபோர்ட் டீமுக்கு ஏ.எச்.எல். கால்டர் கப் ஜெயிச்சு குடுத்தாரு. சில்லிஞ்சருக்கு அடுத்து நான் மதிக்கிற கெரியர் இதுதான்.

சில்லிஞ்சர் ஸ்டான்லி கப் ஜெயிச்சாரா?

இல்ல. அவர் போனதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 1997ல டெட்ராய்ட் ஜெயிச்சுது.

எப்படி முடியும் இந்த மாதிரி கெரியர்?

பெரும்பாலும் உடம்புதான் முடிவு பண்ணும். சில்லிஞ்சருக்கு இடுப்பு, ஆபரேஷன் பண்ணியும் பழைய மாதிரி ஸ்கேட் பண்ண முடியல, 2009ல ரிட்டயர்மென்ட் சொன்னாரு. உடனே எட்மன்டன் ஆய்லர்ஸ்ல இளம் ப்ளேயர்ஸ வளர்க்குற பொறுப்புக்கு எடுத்துக்கிட்டாங்க. சரியான முடிவு அது, 12 டீமோட டிரெஸ்ஸிங் ரூம பாத்தவர விட ஒரு இருபது வயசு பையனுக்கு "கீழ அனுப்பினா எப்படி தாங்கணும்"னு சொல்லிக்குடுக்க தகுதியான ஆளு யாரு? நெறைய பேர் கோச், ஸ்கவுட், டி.வி. பேச்சாளர்னு போறாங்க. ஆனா கீழ லீக்லயே முடிச்சவங்க முப்பத்திரண்டு வயசுல படிப்பும் இல்லாம புதுசா ஒரு தொழில் கத்துக்க வேண்டிய நெலம, அவங்க பேர் எந்த லிஸ்ட்லயும் வராது.

மேட்ச் பாக்கும்போது இவங்கள எப்படி கவனிக்கிறது?

பக்க மட்டும் பாக்காதீங்க. ஒரு கோல் லீட்ல கடைசி ரெண்டு நிமிஷம் கோச் யார எறக்குறாருன்னு பாருங்க. பெனால்டி கில்ல மொதல்ல ஏறுற ரெண்டு ஃபார்வர்ட் யாரு, டிஃபென்ஸ் பக்கம் ஃபேஸ்ஆஃப் எடுக்குறது யாருன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. அப்புறம் அந்த பேர தேடி எத்தனை டீம்ல இருந்திருக்காருன்னு பாருங்க. டெட்லைன் அன்னைக்கு பெரிய டிரேட் செய்திக்கு கீழ ரெண்டு வரில வர்ற சின்ன டிரேட்ஸயும் படிங்க, மே மாசம் ப்ளேஆஃப் நடக்கும்போது அந்த பேர்கள்ல ஒண்ணு ரெண்டு திரும்ப உங்க காதுல விழும்.